கூட்டினால் பதினெட்டு

கதவைச் சுரண்டியது பெருச்சாளி என்றுதான் சந்தில் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். தாராவிப் பெருச்சாளி பூனையையே துரத்தும், பலகைக் கதவையா விட்டுவைக்கும்? ஆனால் பெருச்சாளி அடியில்தான் கடிக்கும். ஆள் உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, பலகை வெளுத்துத் தெரியும்படி அத்தனை நேர்த்தியாகச் சுரண்ட அந்தச் சந்தில் ஒருவனுக்குத்தான் கை வரும். தோல் கிடங்கில் பதினாறு வருஷமாக ஆட்டுத்தோலில் மயிர் வழிக்கிற தனசீலன். கிடங்குக் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சர்க்கார் ஆட்கள் எழுதிவிட்டுப் போன நம்பரைத் தன் கதவிலிருந்து வழித்தெடுத்துவிட்டான்.

அந்த நேரத்தில் அவன் பெண்சாதி சகாயராணி மாட்டுங்காவில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே ஒரு கடைக்கு அவள் முறுக்குப் போட்டுக் கொடுக்கிறாள். ஜூலை மாதத்தில் முறுக்கு வியாபாரம் செய்கிறவர்கள் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தார்களோ. கழுவிய அரிசி காயாது. மின்விசிறிக்கு அடியில் வேட்டியை விரித்து, ராத்திரி முழுக்கப் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு படுத்தால்தான் மறுநாள் மாவு மில்லுக்கு அரிசி தேறும். சுட்ட முறுக்கைச் சூடாக டின்னில் அடைத்தால் வியர்த்துப்போகும், ஆறவிட்டால் நமத்துப்போகும். அன்றைக்கும் கடைக்காரர் ஒன்றை ஒடித்துப் பார்த்து, சத்தம் வரவில்லை என்று அரை டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து வந்தவள் வாசலில் தேங்கிய தண்ணீரில் நீலச் சிராய்கள் மிதப்பதைப் பார்த்தாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். டின்னை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எங்க நம்பரு?" என்றாள்.

தனசீலன் உள்ளே கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எடுத்துட்டேன்" என்றான், பல்லில் மாட்டியதை எடுத்த மாதிரி.

நம்பர் வந்த கதை இது. எண்பத்தாறாம் வருஷம் மழை தொடங்கிய இரண்டாவது வாரம், பிளாஸ்டிக் கோட்டுப் போட்ட நாலு பேர் சந்துக்குள் வந்து வீடு வீடாகப் பேர் எழுதினார்கள். எழுதின வீட்டுக் கதவிலெல்லாம் நீலப் பெயிண்டில் ஒரு நம்பர் போட்டார்கள். பக்கத்து வீட்டு மெஹராஜுக்கு 685. சகாயராணிக்கு 684. ஒரு நாள் திரும்பி வந்து நம்பர் போட்ட கதவுக்கு முன்னால் குடும்பத்தையே நிறுத்தி, கையில் சிலேட்டைக் கொடுத்துப் போட்டோ எடுப்பார்களாம். போட்டோவில் இருக்கிறவர்களுக்குப் பிற்பாடு மாடிக் கட்டடத்தில் பக்கா கோலி, அதாவது ஓர் அறை வீடு, உள்ளுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், கக்கூஸ். இதெல்லாம் சர்க்கார் ஆள் சொன்னதில்லை, சந்தில் பேசிக்கொண்டது. ஆனாலும் சகாயராணி அந்த நம்பரைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்தாள்.

துடைக்காமல் என்ன செய்வாள்? சந்து பெரிய ரோட்டைவிடப் பள்ளம். ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால் சாக்கடையும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கால் அளவுக்கு வீட்டுக்குள் வரும். அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றி, கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றி, அதன்மேல் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். மகள் புஷ்பலீலாவுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. பொதுக் கக்கூஸ் வரிசையில் காலையில் முக்கால் மணி நேரம் டப்பாவும் கையுமாக நிற்கிறாள். வரிசையில் நிற்கிற பயல்கள் இந்தியில் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று தாய் கேட்டால் பிள்ளை சொல்லமாட்டாள். அந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரே மருந்து கதவில் இருந்த நீலப் பெயிண்டுதான்.

"என்னத்துக்கு எடுத்தீய?"

"கூட்டிப் பாரு. ஆறும் எட்டும் நாலும்."

"பதினெட்டு" என்று புஷ்பலீலா கட்டிலிலிருந்தே சொன்னாள். கணக்கில் கெட்டிக்காரி.

"பதினெட்ட மூணாப் பிரி. ஆறு, ஆறு, ஆறு. யாரு நம்பரு அது? கடைசிக் காலத்துல அந்த மிருகம் எல்லாருக்கும் போடுற முத்திர. அது இல்லாம ஒருத்தரும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாதுன்னு வேதத்துல எழுதியிருக்கு. கோலி தாரேன்னு ஆச காட்டித்தான் போடுவான். இந்த மழ முடியுமுன்ன ஆண்டவரு வாராரு. வரும்போது நம்ம வாசல்ல அவன் முத்திர இருந்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் நிக்க?"

சகாயராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் டின் இருந்ததால் அதுவும் முடியவில்லை.

ஆண்டவர் வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் மாதா கோயில் பிள்ளை. வானத்திலிருந்து எக்காளம் ஊத வருவார் என்று அவள் அம்மை சொன்னாள், சாமியார் சொன்னார், கல்யாணமான பிறகு தனசீலனின் கோயில் பாதிரி ஐயரும் சொன்னார். வருகிறவர் வரட்டும். அவர் வரும்போது நனையாத ஓர் இடத்தில் நின்று கும்பிட்டால் அவருக்குக் கோபமா வந்துவிடும்? இதுதான் அவளுக்கு விளங்காத சங்கதி.

தனசீலனும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில், கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிடங்கில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வழுக்கி விழுந்து, கண் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்தபோது, பாஸ்டர் ஜோசப்ராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். கண் பிழைத்தது. அன்றிலிருந்து அவன் பாஸ்டருடைய சபைக்குப் போனவன்தான். குர்லா பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த ஜோசப்ராஜ் ஊழியத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு மாடி அறையில் முப்பது பேர் உட்காருவார்கள். போன ஈஸ்டருக்குப் பிறகு அவர் ஒரு கணக்குச் சொன்னார்: இந்த மழைக்காலம் முடிவதற்குள் வருகை. முப்பது பேரில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். தனசீலன்தான் அதைக் கையோடு பிடித்துக்கொண்டான். வருஷாவருஷம் மே மாதத்தில் கூரைக்குப் புதுத் தார்ப்பாய் போடுவான், இந்த வருஷம் போடவில்லை. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கவில்லை. வேலைக்கு மட்டும் போனான், வந்தால் முழங்காலில் நின்றான்.

குடிகாரனாக இருந்தால் சகாயராணிக்கு எவ்வளவோ சுலபம். வாய் நிறையத் திட்டலாம், நாலு பேர் அவள் பக்கம் பேசுவார்கள். பீடிகூடக் குடிக்காதவனை, ஒரு சுடுசொல் சொல்லாதவனை, உனக்காகத்தான் ஜெபிக்கிறேன் என்று கண்ணீர் விடுகிறவனை எந்த வாயால் திட்டுவது? குழாயடியில் பெண்கள், "ஒனக்கென்ன ராணி, தங்கமான மனுசன்" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் குடத்தைத் தூக்கி அவர்கள் காலில் போடலாம் போல ஆத்திரம் வரும்.

செவ்வாய்க்கிழமை குழாயடியில் மெஹராஜ்தான் செய்தி சொன்னாள். வியாழக்கிழமை போட்டோவாம். மெஹராஜின் புருஷன் ஜமால் பை தைக்கிறவன், நாலு இடம் போய்வருகிறவன், அவன் விசாரித்துவிட்டே வந்திருந்தான். யார் பேரில் எழுதியிருக்கிறதோ அந்த ஆள் கண்டிப்பாக நிற்க வேண்டும். கதவில் நம்பர் இருக்க வேண்டும். ஒருதரம் விட்டால் அவ்வளவுதான், புத்தகத்தில் 'வீடு காலி' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்களாம். சகாயராணி குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தது வைத்தபடி வீட்டுக்கு ஓடிவந்தாள். தனசீலன் வேலைக்குப் போயிருந்தான். அவள் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

பாஸ்டர் வீட்டுக் கதவில் 711 என்று நீலப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது.

அதைப் பார்த்ததும் சகாயராணிக்கு ஒரு பக்கம் கொதித்தது, ஒரு பக்கம் பெரிய நிம்மதி. இதோ கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி புருஷனை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினால் போதும் என்று நினைத்தாள். ஜோசப்ராஜ் அவளை உட்காரச் சொல்லி, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர், அதையும் சொல்ல வேண்டும்.

"ஐயா, ஒங்க கதவுல நம்பர் இருக்கே?"

"அது வீட்டுக்காரர் ஜகந்நாதன் நம்பர், சிஸ்டர். நான் வாடகைக்கு இருக்கிறவன். அவர் வீட்டுக் கதவ நான் எப்படித் தொடுறது?"

"அப்ப எங்க வீட்டுக் கதவச் சுரண்டச் சொன்னது?"

"நான் சுரண்டச் சொல்லலியே" என்றார் பாஸ்டர். உண்மையாகவே திகைத்துவிட்டார். "தனசீலன் பிரதர் நம்பரச் சொன்னாரு. நான் கூட்டிக் காட்டினேன். அவ்வளவுதான்."

"அப்ப நீங்களே வந்து அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. நம்பர் இருந்தா பாவமில்லன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க சொன்னா கேப்பாவ."

"முடியாது சிஸ்டர்" என்றார். "அவருக்கு உள்ள அப்படி உணர்த்தப்பட்டிருக்கு. நான் போய் இல்லன்னு சொன்னா, ஒரு விசுவாசியோட விசுவாசத்த நானே இடற வச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு ஆண்டவர் என்னைத்தானே கேப்பாரு?"

"என் பிள்ள கக்கூஸ் வரிசையில நிக்கிறதுக்கு யாரக் கேப்பாரு?"

பாஸ்டர் அதற்கும் ஜெபிப்பதாகச் சொன்னார். கண்ணை மூடியும் விட்டார். சகாயராணி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். அயோக்கியனாக இருந்தால் பிடித்து உலுக்கலாம். இப்படி யோக்கியர்களாகப் பார்த்து வந்து சேருகிறார்களே என்று வழி முழுக்கப் பல்லைக் கடித்தாள்.

புதன்கிழமை பெய்த மழையில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறி வேலை நின்றுபோனது. தேவ்நார் கசாப்புக்கூடத்திலிருந்து வந்த தோலெல்லாம் உப்போடு மிதந்ததாம். தனசீலன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். சகாயராணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்தது, வேண்டுமென்றேதான் வைத்தாள். கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குண்டான், கட்டில்மேல் ஒரு சட்டி, புஷ்பலீலாவின் புத்தகப் பைமேல் ஒரு வாளி. அவன் இரண்டாவது தடவை சோறு வாங்கும்வரை காத்திருந்து பேச்சை எடுத்தாள்.

அவள் கேட்டதெல்லாம் சின்னதுதான். நாளைக்கு ஐந்து நிமிஷம் கதவுக்கு முன்னால் வந்து நின்றால் போதும். சிலேட்டை அவன் தொடவேண்டாம், அவளே பிடித்துக்கொள்வாள். நம்பரை எழுதிவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி சுரண்டிக்கொள்ளட்டும். புஷ்பலீலாவும் தன் பங்குக்குக் கணக்குச் சொன்னாள். 675 கூட்டினாலும் பதினெட்டு, 693 கூட்டினாலும் பதினெட்டு, அப்படிப் பார்த்தால் தாராவியில் எத்தனையோ பேர் வீடு மிருகத்துக்குத்தான் போகும். தனசீலன் மகளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"ராணி, நீ வேற எது கேட்டாலும் செய்வேன். ஒங்க அப்பச்சி எறந்தப்ப நான் வேலைய விட்டுட்டு மூணு நாளு ரயில்ல வந்தனா இல்லியா? இது மட்டும் கேக்காத. எங் கண்ணு போயிருக்க வேண்டியது. தந்தது அவரு. அந்தக் கண்ண வச்சிக்கிட்டு அவன் நம்பரப் பாத்துப் போட்டோவுக்கு நிக்கச் சொல்லுதியே."

"அவரு வரலன்னா?"

"வருவாரு."

"இந்த மழைக்கு வரலன்னா? நான் வரமாட்டாருன்னு சொல்லல. அடுத்த மழைக்கு வந்தாருன்னா? பத்து வருசம் கழிச்சு வந்தாருன்னா? அதுவரைக்கும் நானும் பிள்ளையும் சாக்கடைக்குள்ள இருக்கணுமா?"

"அப்படியெல்லாம் பேசாத" என்றான். கோபமில்லை, பயந்துபோன குரல். கையைக் கழுவிவிட்டு மூலையில் போய் முழங்காலில் நின்றுகொண்டான். ஒழுகுகிற தண்ணீர் அவன் முதுகில் சொட்டியது, நகரவில்லை. சகாயராணி போய்க் குண்டானை நகர்த்தி வைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஜமால் வீட்டில் கொஞ்சம் நீலப் பெயிண்ட் இருந்தது, அதை வாங்கி வந்தாள். அவளுக்கு எழுத வராது. புஷ்பலீலாதான் ஸ்டூல்மேல் ஏறி, துணி சுற்றிய குச்சியால் 684 என்று எழுதினாள். தனசீலன் பார்த்துக்கொண்டே இருந்தான். தடுக்கவில்லை. சட்டையை மாட்டி, பிளாஸ்டிக் பைக்குள் வேதப் புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு, எதிரே ஜமால் பை தைக்கிற கடையின் தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றான். அந்த நம்பருக்குள் நுழைந்து வெளியே வர அவனுக்கு மனசில்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள். ஒரு கிளார்க்கு, மராட்டிக்காரர், கண்ணாடியில் மழைத்துளி. குடை பிடிக்க ஓர் ஆள், போட்டோ எடுக்க ஓர் ஆள். 683 முடிந்தது. 684-க்கு வந்ததும் கிளார்க்கு காயாத பெயிண்டை ஒருமுறை பார்த்தார். புத்தகத்தைப் புரட்டி, "தனசீலன் கோன் ஹை?" என்று ஆளைக் கேட்டார்.

சகாயராணி வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்வதாகத்தான் யோசித்து வைத்திருந்தாள். மகள் அதை இந்தியில் சொன்னாள். கிளார்க்கு தலையை ஆட்டினார். ஆள் இல்லாமல் போட்டோ இல்லை. எல்லாரும் இதையே சொல்கிறார்கள், வந்த பிறகு ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்று பக்கத்தைத் திருப்பப் போனார். அந்த 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று பம்பாயில் பதினாறு வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா? அவள் கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மர் கயா சாப்" என்றாள். "ஆத்மி மர் கயா." புருஷன் செத்துப்போய்விட்டானாம்.

புஷ்பலீலா, "அம்மா" என்றாள். அவள் மகளைப் பார்க்கவில்லை.

கிளார்க்கு கண்ணாடிக்கு மேலாக அவள் கழுத்தைப் பார்த்தார். பேனாவால் காட்டினார். சகாயராணி மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். ஈரக் கொண்டையில் சிக்கிக்கொண்டது, நாலு முடியோடு பிடுங்கி எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மறந்து போட்டிருந்தேன், பழக்கம் என்று மகளைச் சொல்லச் சொன்னாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சகாயராணியே தெரிந்த இந்தியில் சொன்னாள்.

கிளார்க்கு ஒரு சாட்சி கேட்டார். மெஹராஜ் 685-ஆம் வாசலில் பேயறைந்த மாதிரி நின்றாள். எதிரே தார்ப்பாய்க்கு அடியில் தனசீலன் நிற்பது அவளுக்கு நேராகத் தெரிகிறது. "அல்லா என்னை மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து கைநாட்டு வைத்தாள். அப்போதுதான் கிளார்க்கும் திரும்பிப் பார்த்தார். சந்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தால் அவர் பார்க்கமாட்டாரா?

"ஏ பாய்" என்று கூப்பிட்டார். "தூ இஸ் கர் கா ஆத்மி ஹை க்யா?" நீ இந்த வீட்டு ஆளா என்று கேட்டார்.

தனசீலன் சகாயராணியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் எல்லாம் போச்சு. புரட்டுக்காரி என்று கிளார்க்கு கத்துவார், நம்பரை அடித்துவிடுவார், கோலி போய்விடும். போனால் போகட்டும். இவள் என் பெண்சாதி, நான் உசிரோடுதான் இருக்கிறேன், கயிற்றைப் போடுட்டி கழுத்தில் என்று ஓர் அதட்டல் போட்டால் போதும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்தது.

"நஹி சாப்" என்றான் தனசீலன் அமைதியாக. "மேரா கர் இதர் நஹி."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் அவன் வீடு இங்கே இல்லைதான். கிளார்க்கு தனசீலன் என்ற பேரின்மேல் ஒரு கோடு இழுத்து, மேலே சகாயராணி என்று எழுதினார். சிலேட்டில் 684 எழுதிக் கொடுத்தார்கள். தாயும் மகளும் நின்றார்கள். போட்டோக்காரர் முகத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். ஒரு வெளிச்சம் அடித்தது. அவர்கள் 685-க்குப் போய்விட்டார்கள்.

உள்ளே வந்து அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் மாட்டுங்காவுக்கு முறுக்கு வேண்டும், யார் செத்தாலும் பிழைத்தாலும் வேண்டும். இரண்டு தீக்குச்சி ஒடிந்தது. எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். புஷ்பலீலா மெஹராஜ் வீட்டுக்குப் போய்விட்டாள். தனசீலன் வந்து நிற்பது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. இனி கேட்பான். என்னைச் சாகடித்துவிட்டாயே என்று கேட்பான், அடித்தாலும் அடிப்பான். அடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ராணி" என்றான். "நீ என்ன காரியம் செஞ்சிருக்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவள் திரும்பினாள். அவன் முகம் பூராவும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"அவன் புத்தகத்துல எம் பேரு இல்லாமப் போச்சு. அடிச்சிட்டான், பாத்தியா? இத எப்படி அழிக்கன்னு நாலு நாளா அழுது ஜெபிச்சிட்டு இருந்தேன். கர்த்தர் ஒங் கையால அடிக்க வச்சிட்டாரு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்."

சகாயராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனோடு பதினாறு வருஷம் இருந்திருக்கிறாள். "ஒங்களுக்கு ஒண்ணுமே வருத்தமில்லையா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவள் கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் மஞ்சள் கயிறு ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. "அதுக்கென்ன, எடுத்துப் போட்டுக்க" என்றான்.

"நானே போட்டுக்க மாட்டேன். நீங்க போட்டு விடுங்க."

அவன் கையை நீட்டினான். நீட்டியவன், மாடி அறையில் பாட்டு ஆரம்பித்துவிட்ட சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். உபவாசக் கூட்டம், ஐந்து மணிக்கு. வேதப் புத்தகத்தை நனையாமல் இடுக்கிக்கொண்டான்.

"சாட்சி சொல்லணும் ராணி. இன்னைக்கு நடந்தத எல்லாருக்கும் சொல்லணும். நேரமாச்சு. வந்து போட்டு விடுதேன்" என்றான்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனான். சந்து முனை திரும்பும்வரை அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. சகாயராணி கயிற்றைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.